தோளைக் குலுக்குபவர்: பத்துக்கு இரண்டு

ஒருவருக்கு ஒரு வேலை வராது என்று சொல்ல, அவர் அதைச் செய்வதை எத்தனை முறை பார்த்தால் போதும்? பத்து முறையா, நூறு முறையா? கல்லூரியில் மூன்று வருடம் புள்ளியியல் படித்தவள் நான். இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஒருவர் நம் மாமனாராக இருந்தால் எத்தனை முறை பார்க்க வேண்டும் என்று அந்தப் பாடப்புத்தகத்தில் இல்லை. எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஐம்பது மூடிகளை எடுத்து, எத்தனை கோணல், எத்தனை விரிசல் என்று எண்ணி எழுத வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. மூடிகளை எதிர்த்து எழுதினாலும் அவை கோபித்துக்கொள்வதில்லை. பாப்பா பிறந்ததும் வேலையை விட்டேன். எண்ணுவதை விட முடியவில்லை. பாப்பா எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் பால் குடித்தாள், எத்தனை முறை துணி நனைத்தாள் என்று ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதிவந்தேன். ஏழாவது மாதத்தில் குழந்தை மருத்துவர் அந்த நோட்டை வாங்கி, முதலில் இருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் கொஞ்சம் வெளியே போய்வர வேண்டும் என்றார். தினமும் மாலையில் குழந்தையைக் காற்றாட அழைத்துப் போகச் சொன்னார். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். அவர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் பெத்தாங்க் விளையாடும் மண்தரை ஒன்று இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்புக் குண்டை எறிந்து விளையாடும் ஆட்டம் அது. முதலில் ஒரு சின்ன மரக்குண்டை எறிவார்கள். மாமா அதைக் குட்டி என்பார். அந்தக் குட்டிக்குப் பக்கத்தில் யாருடைய குண்டு நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. ஜோடியாக ஆடும்போது வழக்கமாக ஒருவர் குட்டிக்கு அருகில் குண்டை வைப்பார். இன்னொருவர், எதிராளியின் குண்டு நன்றாக நின்றுவிட்டால் அதைக் குறிபார்த்து அடித்துத் தள்ளுவார். வைப்பவருக்குப் பொறுமை வேண்டும். அடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். எங்கள் மாமா அடிப்பவர்.

மாமா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. ஆனால் இந்த மண்தரையில் நாற்பது வருடமாக இருக்கிறார். அவருடைய ஜோடி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், ஊர் வழக்கில் சொல்தா. மாமா அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்று கிண்டலாகக் கூப்பிடப்போய், தெருவுக்கே அவர் முசியே ஆகிவிட்டார். முசியே வைப்பார், மாமா அடிப்பார். நாற்பது வருடமாக அதுதான் ஏற்பாடு.

போன வருடம் மைதானக் கமிட்டி ஒரு விதி கொண்டுவந்தது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் இருக்கும் ஜோடி ஊர்ப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால், அடுத்த போட்டியிலிருந்து அவர்கள் மூத்தோர் பிரிவில் ஆட வேண்டும். மூத்தோர் பிரிவு காலை ஏழு மணிக்கு. தூரம் குறைவு. உட்கார நாற்காலி போடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் மோர் கொடுப்பார்கள். இந்த மோர்தான் மாமாவைக் கொதிக்கவைத்தது. மோர் குடிப்பதற்கா இத்தனை வருடம் ஆடினேன் என்று அவர் வீட்டில் ஒரு வாரம் மோரே குடிக்கவில்லை.

அதற்கு முந்தைய மூன்று போட்டிகளிலும் மாமாவும் முசியேவும் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தார்கள். மூன்று முறையும் அதே ஜோடியிடம்: வீராம்பட்டினத்திலிருந்து வரும் அண்ணன் தம்பி. படகில் வலை இழுத்த கைகள். இரும்புக் குண்டு அவர்களுக்கு எலுமிச்சம்பழம் மாதிரி. வாரத்தில் மூன்று நாள் எங்கள் தரைக்கு வந்துதான் பழகுவார்கள். இந்த முறையும் முதல் சுற்று அவர்களோடுதான் என்று சீட்டு குலுக்கியதில் வந்தது.

சீட்டு விழுந்த அன்று மாமா வராந்தாவில் நாற்காலியில் சாய்ந்து என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதில் பாப்பா வெளிக்குப் போன நிறம் உட்பட எல்லாம் இருந்தது.

"இவ்ளோ எண்ற. உருப்படியா ஒண்ண எண்ணேன்" என்றார் மாமா. "அந்த அண்ணன் தம்பி எங்க சறுக்குறானுங்கன்னு பாத்து சொல்லு. நீ பாப்பாவ வெச்சிக்கினு பெஞ்சுல குந்தியிருந்தா எவனுக்கும் சந்தேகம் வராது."

இரண்டு வருடத்தில் மாமா என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அதுவரை காபி கேட்பதுகூட அத்தை வழியாகத்தான்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்குக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் நாள் எண்ணவே இல்லை. ஒரு குண்டு முக்கால் கிலோ கனம். அது உருண்டு வந்து வண்டியில் மோதினால் என்னாவது என்று, புள்ளி அளக்க வைத்திருந்த டேப்பைக் கமிட்டிக்காரரிடம் கேட்டு வாங்கி, வண்டிக்கும் ஆட்டக் கோட்டுக்கும் இடையே அளந்தேன். அளந்த பிறகு பெஞ்சை இரண்டு அடி பின்னால் நகர்த்தச் சொன்னேன். சிமெண்ட் பெஞ்சு நகராது என்றார்கள். வண்டியை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஆரம்பித்தேன். கிட்டத் தூரம், நடுத் தூரம், நீளத் தூரம் என்று மூன்று கட்டம். அடித்தது பட்டதா, படவில்லையா. அண்ணன் தம்பியை மட்டும் எண்ணச் சொல்லியிருந்தார் மாமா. ஆனால் தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தை மட்டும் எண்ணினால் மேலாளர் திட்டுவார். பக்கத்து இயந்திரத்தையும் எண்ணினால்தான் எது சரியில்லை என்று தெரியும். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஜோடியையும் எண்ணினேன். அங்கேதான் வினை.

நோட்டில் ஆளுக்கு ஒரு வரிசை போட வேண்டும். வரிசைக்கு ஒரு பெயர் வேண்டும். மாமனார் பெயரை எப்படி எழுதுவது? என் அம்மா கடைசிவரை தன் மாமனார் பெயரைச் சொன்னதில்லை. அதே பெயரில் ஒரு ஊர் உண்டு. அந்த ஊருக்குப் பேருந்தில் சீட்டு எடுக்க அப்பாதான் வாயைத் திறக்க வேண்டும். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புவதில்லை. நம்பாமலேயே கடைப்பிடிக்கிறேன். மாமா பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை எழுதினால் ஒருமாதிரி இருக்கும் என்று, எல்லோரையும் அவரவர் பழக்கத்தால் குறித்தேன். எறிவதற்கு முன் ஒவ்வொருவரும் ஏதாவது செய்வார்கள். அண்ணன், "மூக்கை உறிஞ்சுபவர்". தம்பி, "மண்ணைத் தேய்ப்பவர்". முசியே ஒவ்வொரு முறையும் குண்டைத் துணியால் துடைப்பார், ஆகவே "துடைப்பவர்". மாமா குண்டைத் தூக்குவதற்கு முன் வலது தோளை ஒரு குலுக்குக் குலுக்குவார். ஆகவே "தோளைக் குலுக்குபவர்".

உளவு பார்ப்பது எனக்கு ஒத்துவராத வேலை. இரண்டாவது வாரம் தம்பிக்காரர் பாப்பாவுக்கு ஒரு பலூன் வாங்கிக்கொண்டு வந்தார். பாப்பாவுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். நான் எண்ணிக்கையின் நடுவில் இருந்ததால் "நீளத்துல பத்துக்கு நாலுண்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் பாப்பாவையே பார்த்துவிட்டுப் போனார். அன்று இரவு, பலூன் கொடுத்தவரை எண்ணலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். பலூன் கொடுக்காதவரை எண்ணலாமென்றால் இவரையும் எண்ணலாம் என்றார். அவர் வங்கியில் வேலை பார்க்கிறார்; எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பதில் சொல்வார்.

ஒரு மாதத்தில் கணக்கு தெளிவாகிவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் கிட்டத்தில் புலி. குட்டியை ஒன்பது மீட்டருக்கு மேல் தள்ளிப் போட்டால் பத்துக்கு நான்குதான். ஆகவே எறியும் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் குட்டியை நீளமாகப் போட வேண்டும். அதுவரை நல்ல செய்தி. ஆனால் நீளமாகப் போட்டால் நம் ஆளும் நீளத்தில் அடிக்க வேண்டும். எங்கள் ஜோடியில் இருவரும் நீளத்தில் சரியாகப் பத்து முறை அடித்திருந்தார்கள். துடைப்பவர் பதினேழு எறிந்து பத்து. தோளைக் குலுக்குபவர் நாற்பத்தேழு எறிந்து பத்து.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு தாளில் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: குட்டியை நீளமாகப் போடவும். நீளத்தில் துடைப்பவர் அடிக்கவும். தோளைக் குலுக்குபவர் அடிப்பதைத் தவிர்த்து, வைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளவும். கீழே சின்ன எழுத்தில், கணக்கு குறைவு, தவறாக இருக்கலாம், மன்னிக்கவும் என்று சேர்த்தேன். தொழிற்சாலை அறிக்கையில் மன்னிக்கவும் என்று எழுதியதில்லை. இதில் எழுதத் தோன்றியது.

தாளைக் காபி தம்ளருக்கு அடியில் வைத்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, பாப்பாவைக் குளிப்பாட்டப் போய்விட்டேன். அன்று அவளை அரை மணி நேரம் குளிப்பாட்டினேன். பிறகு வராந்தாவிலிருந்து மாமா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இருவது வருஷமா சொல்லிக்கினு இருக்கேன், அவன் கை நீளத்துக்கு ஆவாதுன்னு" என்று அத்தையிடம் சொன்னார். "இந்தப் பொண்ணு ஒரு மாசத்துல கண்டுபுடிச்சிட்டா பாரு."

ஈரக் குழந்தையோடு வெளியே வந்தபோதுதான் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது. தரையில் எப்போதும் தோளில் மஞ்சள் துணியோடு நிற்பவர் மாமா. துணி அவருடையது. முசியே துணி கொண்டுவருவதே இல்லை. தன் முறை வரும்போது மாமாவின் தோளிலிருந்து துணியை உருவி, துடைத்து, திரும்பத் தோளில் போட்டுவிடுவார். துணி நழுவாமல் இருக்க மாமா தோளைக் குலுக்குவார். வெகுகாலம் முன்பே அது துணி இல்லாதபோதும் வருகிற குலுக்கலாகிவிட்டது. அது அவருக்குத் தெரியாது. துணி வைத்திருப்பவன் நான், ஆகவே துடைப்பவன் நான் என்று படித்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஆனால் மாமா என்னைப் பார்த்து, "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதாம்மா" என்றார். அந்த வீட்டில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. திறந்த வாயால் மதியத்துக்கு வத்தக்குழம்பா, சாம்பாரா என்று கேட்டேன்.

அன்று மாலை மைதானத்தில் மாமா முசியேவிடம் தாளைக் காட்டாமல் முடிவை மட்டும் அறிவித்தார். இனி நீளத்தில் முசியே ஒரு குண்டுகூட அடிக்கக் கூடாது. எல்லாம் தானே அடிப்பதாகச் சொன்னார். முசியே எப்போதாவதுதான் அடிப்பார். அதையும் விடச் சொன்னதில் அவர் முகம் சின்னதாகிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"கணக்கு அப்படித்தான் சொல்லுதாம்மா?"

நான் பாப்பாவின் குல்லாவைச் சரிசெய்தேன். கணக்கு குறைவுதான் என்று குல்லாவிடம் சொன்னேன்.

அடுத்த இரண்டு வாரம் என் ஆலோசனை தலைகீழாக நடந்தது. குட்டியை நீளமாகப் போட்டார்கள். நீளத்தில் மாமா மட்டுமே அடித்தார். பழகு ஆட்டங்களில் எல்லோரிடமும் தோற்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையோடு ஆடும் இரண்டு ஆசிரியர்களிடம்கூடத் தோற்றார்கள். மாமா கணக்கைக் குறை சொல்லவில்லை. காற்றைச் சொன்னார், மண்ணின் ஈரத்தைச் சொன்னார். என் கணக்கின் மீது அவர் வைத்த நம்பிக்கை மட்டும் குறையவே இல்லை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது முசியே முட்டிவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டார். மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் தன் வீட்டு மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிப் போவதை அத்தை பார்த்தார். முட்டிக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜோடி இல்லாவிட்டால் முதல் சுற்றில் தோற்றதாகத்தான் எழுதுவார்கள். பிறகு காலை ஏழு மணி, நாற்காலி, மோர்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். நீங்களே உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள் என்றதும் சிரிப்பு நின்றது. எழுதியது நீதானே என்றார்.

மறுநாள் அத்தை பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல ஆரம்பித்தேன். நான் குறித்த ஆள் ஒருவர், மாமா நினைத்துக்கொண்ட ஆள் வேறொருவர், தோளைக் குலுக்குபவர் என்று எழுதியது உண்மையில் முசியே இல்லை என்று இழுத்தேன். அத்தைக்கு ஒரு காது சற்று மந்தம். அதனால் பேச்சு எப்போதும் உரக்கவே வரும்.

"தோள குலுக்குறதா? அது உங்க மாமாதாண்டி" என்றார் அத்தை. "சட்ட போட்டா குலுக்குவாரு, க்யூல நின்னா குலுக்குவாரு, தாலி கட்டும்போதே குலுக்குனாரு. எங்கம்மா பயந்துபோச்சு, மாப்ளைக்கு ஏதோ வலிப்பு கிலிப்புன்னு."

வராந்தாவில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது.

மாமா குண்டுப் பையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காலி மனைக்குப் போனார். சமையலறை ஜன்னலிலிருந்து அது முழுதாகத் தெரியும். காலால் மண்ணில் வட்டம் கீறினார். தூரத்தில் ஒரு குண்டை வைத்தார். வட்டத்துக்குள் நின்று குண்டைத் தூக்கினார். தோள் குலுங்கியது. அப்படியே நின்றுவிட்டார். பிறகு தோளிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, வேலியில் போட்டுவிட்டு வந்து, மறுபடி நின்றார். துணி இல்லை, தோள் குலுங்கியது. மூன்றாம் முறை இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு எறிந்து பார்த்தார். குண்டு வேலியைத் தாண்டி அடுத்த வீட்டு முருங்கை மரத்தடிக்குப் போனது.

அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பத்துக்கு ரெண்டா?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு மாமா" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. தொழிற்சாலையில் அந்தப் புள்ளி ஒன்றை விட்டால் கேள்வி வரும்.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டார். மாட்டும்போது குலுக்கினார், குலுக்கியதைக் கவனித்தார், என்னையும் கவனித்தார். "கெளம்பு. கணக்கு உன்னுது. நீயும் வா" என்றார். முசியே வீடு இரண்டு தெரு தள்ளி. நடுவில் பாப்பா வண்டியை வைத்துக்கொண்டு இருவரும் நடந்தோம். மன்னிப்புக் கேட்பது மாமாவுக்குப் பழக்கமில்லை. எனக்கு அதுமட்டும்தான் பழக்கம். யார் முதலில் பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

முசியே முட்டியில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்த பிறகு போட்டதாகத்தான் இருக்க வேண்டும்; பாதி சுற்றுத் தரையில் கிடந்தது. மாமா உட்காரவில்லை.

"முசியே, அந்தத் தோள குலுக்குற ஆளு நான்தானாம். நீளத்துல எனக்குப் பத்துக்கு ரெண்டாம்."

"தெரியும்" என்றார் முசியே.

"எப்படித் தெரியும்?"

"நாப்பது வருஷமா பக்கத்துல நிக்கிறேன்யா. எனக்கு நோட்டு வேணுமா?"

மாமா முட்டியில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அடிக்க மாட்ட. அடிக்காத உன்னோட எவன் ஆடுறது? பத்துல ரெண்டு படும்போது நீ ஒரு குதி குதிப்ப பாரு. நான் அதுக்குத்தான் வரேன்."

நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் போட்ட கட்டங்களில் அந்தக் குதி எங்கும் இல்லை. அதற்கு ஒரு வரிசை போட எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டியில் இடத்தை மாற்றிக்கொண்டு ஆடினார்கள். மாமா வைத்தார், முசியே அடித்தார், குட்டி நீளமாகவே போனது. அண்ணன் தம்பி முதலில் சிரித்தார்கள். எட்டுக்கு எட்டு ஆனதும் சிரிப்பதை நிறுத்தினார்கள். நான் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு, குண்டு மோதும் சத்தத்தை மட்டும் எண்ணினேன். பதின்மூன்றுக்குப் பதினொன்று. எங்கள் ஜோடி முதல் சுற்றைத் தாண்டியது. இரண்டாவது சுற்றில் யாரோ இரண்டு கல்லூரிப் பையன்களிடம் தோற்றார்கள். அது பரவாயில்லை, மூத்தோர் பிரிவு ஒரு வருடம் தள்ளிப்போனது. தம்பிக்காரர் என்னிடம் வந்து, பாப்பாவுக்கு நீளத்தில் இப்போது பத்துக்கு எத்தனை என்று கேட்டார். அவருக்கு எப்போது விளங்கியதோ தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த வருடம் தங்களுக்கு எண்ணிக் கொடுக்க வர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மாமா இப்போதும் தினமும் போகிறார். குண்டை வைக்கிறார். நன்றாகவே வைக்கிறார். அலுவலகத்தில் கோப்புகளை வைத்ததுபோல ஒழுங்காக வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். முசியே அடிக்கும்போது எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுகிறார். முன்பெல்லாம் ஏழு மணிக்கு வீடு திரும்பி, பட்ட இரண்டைப் பற்றி ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை சொல்வார். இப்போது ஆறரைக்கே வந்துவிடுகிறார். என்ன ஆயிற்று என்று அத்தை கேட்டால், ஜெயித்தோம் என்கிறார்.

போன மாதம் முசியே என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். அவன் கணக்கை இன்னொரு முறை எடுத்துப் பாரும்மா, கொஞ்சம் பார்த்து எடு என்றார். பார்த்து எடு என்று சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். கணக்கு சரி என்று வந்தால் அடிக்கும் இடத்தை அவனிடமே கொடுத்துவிடுவேன், எனக்கென்ன என்றார்.

அதே வாரம் மாமாவும் கேட்டார். தினமும் காலையில் காலி மனையில் பழகுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. நூறு எறிகிறேன், நீ எண்ணு, இந்த முறை என் பெயரையே எழுது என்றார். பெயரை எழுதவில்லை. நூறையும் எண்ணினேன். முப்பத்தொன்று பட்டது. ஒவ்வொரு முறை படும்போதும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். முசியேவின் கணக்கு இப்போது என்னிடம் நூற்று ஐந்து எறிதல்களுக்கு இருக்கிறது: அறுபத்திரண்டு பட்டிருக்கிறது. கணக்கு குறைவு என்று இனி சொல்லவும் முடியாது.

அடுத்த போட்டிக்கு ஜோடிகள் பெயர் கொடுக்கும் நாள் வருகிற ஞாயிறு. யார் வைப்பது, யார் அடிப்பது என்று அன்று காலை முடிவு செய்வார்களாம். என் தாளைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். உள்ளதை எழுதினால் மாமா மறுபேச்சில்லாமல் வைப்பார், அவர்கள் ஜெயிக்கலாம், இன்னும் ஒரு வருடம் மாலை ஆட்டத்தில் இருப்பார், ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். முப்பத்தொன்றை ஐம்பத்தொன்று என்று எழுதினால் மாமா அடிப்பார். அநேகமாக முதல் சுற்றிலேயே தோற்பார்கள். அந்த மோரை அவர் வாழ்நாள் முழுக்கக் குடிக்க வேண்டியிருக்கும், என் கையெழுத்தால். நான்கு வருடம் மூடி எண்ணினேன். ஒரு விரிசல் மூடியைக்கூட நல்ல மூடி என்று எழுதியதில்லை. கணவரிடம் கேட்டேன். முப்பத்தொன்றையே எழுதிவிட்டு, மாமாவிடம் நீங்கள் அடியுங்கள் என்று சொல்லிப் பாரேன் என்கிறார். கணக்கை எழுதிவிட்டு அதற்கு எதிராகப் பேச எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. ஒருவேளை அதுதான் சரியோ என்றும் தோன்றுகிறது. தோன்றிய மறுநிமிடம் இல்லை என்றும் தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், விளையாடுகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தாளில் நான் என்ன எழுதட்டும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது. பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.